பிறந்தநாள் பான்சித் முதல் ஆம்பாவ் வரை: பிலிப்பினோ வாழ்க்கையில் சீனத் தடம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கப் போன பிள்ளைகள், அவர்களைப் பார்த்துவிட்டு வந்த பெற்றோர், மணிலாவில் வேலை கிடைத்துப் போனவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலும் ஒரே குழப்பத்தில்தான் தொடங்கும்: ஸ்பெயின் 300 வருஷத்துக்கு மேல் ஆண்ட நாடு, தெருவுக்குத் தெரு மாதா கோயில், அப்புறம் ஏன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நூடுல்ஸும் சிவப்பு உறையும் வந்து நிற்கின்றன? மணிலாவின் சைனாடவுனான பினோண்டோவின் சீன வளைவுகளைப் பார்ப்பதைவிட, சீனம் என்றே யாரும் நினைக்காத விஷயங்களைப் பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும் என்பது என் கட்சி.

சீனர்கள் ஸ்பானியர்களோடு வந்தவர்களா?

இல்லை, அதற்கு ரொம்ப முன்பே வந்து போய்க்கொண்டிருந்தவர்கள். 'மா-இ' என்ற தீவு நாட்டு வியாபாரிகள் 982இல் சீனாவின் காண்டன் துறைமுகத்துக்குச் சரக்கோடு வந்ததாகச் சீனக் குறிப்பு இருக்கிறது. அந்த மா-இ இன்றைய மிண்டோரோவா, லகூனா ஏரிக்கரையா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 1225இல் சுவான்ஜோ துறைமுகத்தில் அதிகாரியாக இருந்த சாவ் ருகுவா எழுதி வைத்தது இன்னும் சுவையானது. சீனக் கப்பல் கரை சேர்ந்ததும் உள்ளூர் ஆட்கள் சரக்கை எடுத்துக்கொண்டு தீவு தீவாக விற்கப் போய்விடுவார்களாம். எட்டு ஒன்பது மாதம் கழித்து வந்து கணக்கைத் தீர்ப்பார்களாம். அத்தனை நாள் கடனுக்குச் சரக்கை விடுகிறார்கள் என்றால் அந்தப் பழக்கம் அன்றைக்கே பழையதாக இருந்திருக்க வேண்டும். போக்குவரத்து ஒருவழிப் பாதையும் இல்லை. 1417இல் சீனப் பேரரசர் யோங்லேவைப் பார்க்கப் போன, தெற்குப் பிலிப்பைன்ஸின் சூலு தீவுகளின் மன்னர் பாதுகா பதாரா, திரும்பும் வழியில் சீனாவின் தேஜோ ஊரில் இறந்துபோனார். அவர் கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது.

ஆனால் கூட்டமாக வந்து குடியேறியது 1571இல் மணிலா ஸ்பெயினின் கைக்குப் போன பிறகுதான். காரணம் வெள்ளி. மெக்சிகோவின் அகபுல்கோவிலிருந்து ஸ்பானியக் கப்பல்கள் வெள்ளியோடு வரும். தெற்குச் சீனாவின் ஃபூஜியன் கரையிலிருந்து சீனக் கப்பல்கள் பட்டும் பீங்கானுமாக வரும். இரண்டும் மணிலாவில் கை மாறும். 1565 முதல் 1815 வரை ஓடிய அந்த வாணிபத்தை நம்பித்தான் ஃபூஜியனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். தையல், தச்சு, செருப்பு, ரொட்டி சுடுவது எல்லாம் மெல்ல அவர்கள் கைக்கு வந்தது. 1593இல் மணிலாவில் அச்சான முதல் கிறிஸ்தவ நூல்கள்கூட மரப்பலகையில் எழுத்தைச் செதுக்கிச் சீன முறையில் அச்சிட்டவைதான்.

பினோண்டோ உலகத்தின் மிகப் பழைய சைனாடவுன் என்கிறார்களே, உண்மையா?

அப்படித்தான் சொல்லப்படுகிறது. 1594இல் ஸ்பானிய ஆளுநர் லூயிஸ் பெரேஸ் தாஸ்மாரின்யாஸ், ஞானஸ்நானம் பெற்ற சீனர்களுக்காக ஒதுக்கிய இடம் அது. பாசிக் ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்பானியர்களின் மதில் நகரமான இன்ட்ராமுரோஸ், அந்தப் பக்கம் பினோண்டோ. மதம் மாறாத சீனர்களுக்குத் தனியாக 'பாரியான்' என்ற சந்தைக் குடியிருப்பு. மதில்மேல் இருந்த பீரங்கி எட்டும் தூரத்தில்தான் அதை வைத்திருந்தார்கள்.

இந்தப் பிரிவினையில் ஒரு விளைவைக் கவனிக்க வேண்டும். ஊரிலிருந்து வந்தவர்கள் அநேகமாக எல்லோரும் ஆண்கள். கிறிஸ்தவராக மாறியவர் உள்ளூர்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டு பினோண்டோவில் நிலைக்கலாம். அப்படிப் பிறந்த பிள்ளைகள்தான் 'சீன மெஸ்டிசோக்கள்'. அப்பா சீனர், அம்மா தகாலோக் (மணிலா வட்டார மக்கள், மொழிக்கும் அதே பெயர்), மதம் கத்தோலிக்கம். அம்மாவின் அடுப்பும் அப்பாவின் சரக்குப் பையும் சேர்ந்த இடம் அது. இந்தப் பக்கத்தில் பின்னால் வரும் பழக்கங்களில் பாதி அந்த வீடுகளில் உருவானவை என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியென்றால் இரண்டு பக்கமும் சுமுகமாக இருந்தார்களா?

கிடையாது. சுற்றுலாப் பிரசுரங்கள் இதை விட்டுவிடும். 1603இல் மட்டும் மணிலாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 20,000 சீனர்கள் வரை கொல்லப்பட்டதாகக் கணிக்கிறார்கள். மூன்று சீன அதிகாரிகள் வந்து மணிலாவுக்குப் பக்கத்துக் காவித்தேயில் தங்க மலை இருக்கிறதாமே என்று விசாரித்துவிட்டுப் போக, படையெடுப்புக்கு வேவு பார்க்கிறார்கள் என்று ஸ்பானியர்கள் மிரண்டார்கள். சந்தேகம் கலவரமாகி, கலவரம் படுகொலையில் முடிந்தது. அதற்குப் பிறகு ஊரில் சாப்பாட்டுக்கும் செருப்புக்குமே திண்டாட்டம் ஆகிவிட்டது என்று அங்கே அதிகாரியாக இருந்த அந்தோனியோ தே மோர்கா எழுதியிருக்கிறார். ஆகவே சீனர்களை மறுபடி வரவிட்டார்கள். 1639, 1662 என்று மறுபடியும் ரத்தம்.

1762இல் நடந்ததில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. அந்த வருஷம் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை கிளம்பியது சென்னையிலிருந்து. அதில் இங்கிருந்து போன சிப்பாய்களும் இருந்தார்கள். மணிலாச் சீனர்களில் பலர் பிரிட்டிஷார் பக்கம் சாய்ந்தார்கள். அதற்கு ஸ்பானியத் தரப்பு பழி தீர்த்தது. 1764இல் பிரிட்டிஷார் கிளம்பியபோது கூடவே போகாமல் தங்கிவிட்ட சிப்பாய்களின் வழிவந்தவர்கள் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தாவில் இருக்கிறார்கள்.

பிரபலமான பிலிப்பினோக்களில் சீன வேர் உள்ளவர்கள் யார்?

கேள்வியைத் திருப்பிப் போட்டால் பதில் சுலபம். பட்டியல் அவ்வளவு நீளம். தேசத் தந்தை போலக் கொண்டாடப்படும் ஹோசே ரிசாலின் தந்தை வழி மூதாதை தொமிங்கோ லாம்-கோ, ஃபூஜியனின் ஜின்ஜியாங் பகுதியிலிருந்து வந்து 1697இல் ஞானஸ்நானம் பெற்றவர். முதல் பிலிப்பினோ புனிதர் லொரென்சோ ரூயிஸ், பினோண்டோவில் சீன அப்பாவுக்கும் உள்ளூர் அம்மாவுக்கும் பிறந்தவர். 1637இல் நாகசாகியில் கொல்லப்பட்டார், 1987இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1986இல் அப்போதைய அதிபர் மார்கோஸைத் துரத்திய மக்கள் எழுச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ரேடியோவில் மக்களைத் தெருவுக்கு அழைத்த கர்தினால் ஹைமே சின்னின் அப்பா சீனர். அந்த எழுச்சியில் அதிபரான கோரசோன் அகினோ, கொஹுவாங்கோ வீட்டுப் பெண். 1988இல் சீனா போனபோது ஃபூஜியனில் கொள்ளுத் தாத்தாவின் ஊரான ஹொங்ஜியானுக்கும் போய்வந்தார்.

அந்தக் குடும்பப் பெயரே ஒரு சான்று. கொள்ளுத் தாத்தாவின் முழுப் பெயரையும் ஒட்டவைத்து, கடைசியில் மரியாதைக்கு 'அண்ணன்' என்று பொருள்படும் 'கோ'வையும் சேர்த்து ஒரே குடும்பப் பெயராக ஆக்கியிருக்கிறார்கள். 'கோ'வில் முடியும் பழைய பிலிப்பினோ குடும்பப் பெயர்கள் பலவற்றின் கதை இதுதான்.

'குயா', 'ஆத்தே' என்று எல்லோரையும் கூப்பிடுகிறார்களே, அது தகாலோக்கா?

இன்றைக்குத் தகாலோக். வந்தது ஃபூஜியன்காரர்கள் பேசும் ஹொக்கியனிலிருந்து. குயா மூத்த அண்ணன், ஆத்தே மூத்த அக்கா. பழைய குடும்பங்களில் வரிசையே உண்டு: இரண்டாவது அண்ணன் தீகோ, மூன்றாவது சாங்கோ, இரண்டாவது அக்கா தித்சே, மூன்றாவது சான்சே. நம் வீடுகளில் பெரியண்ணன், நடு அண்ணன், சின்னண்ணன் என்று வரிசை வைப்பதற்கு ஈடானது. இப்போதைய சின்னக் குடும்பங்களில் தீகோ, சாங்கோ எல்லாம் குறைந்துவிட்டது. குயாவும் ஆத்தேயும் மட்டும் வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டன. ஜீப்னி (ஊர் முழுக்க ஓடும் ஜீப் போன்ற சிற்றுந்து) ஓட்டுநர், காவலாளி, ஓட்டல் பையன் எல்லோரும் குயாதான். நீங்களும் அப்படியே கூப்பிடுங்கள், மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

பிறந்தநாளுக்கு ஏன் கட்டாயம் பான்சித்?

நீளமான நூடுல்ஸ், நீளமான ஆயுசு. நம்பிக்கை சீனர்களுடையது, இன்றைக்கு அதைச் சீனப் பழக்கம் என்று சொன்னால் பிலிப்பினோ ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டுவார். கேக் இருக்கும், பொரித்த கோழி இருக்கும், காசு இருந்தால் முழுப் பன்றி வாட்டிய லெச்சோனும் இருக்கும். ஆனால் பான்சித் தட்டு இல்லாவிட்டால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். பரிமாறும்போது இழையை வெட்டக்கூடாது. வெட்டினால் ஆயுசை வெட்டியதாகக் கணக்கு. கையில் காசில்லாத மாணவர் விடுதியில் பாக்கெட் பான்சித் காண்டனைக் கிளறி வைத்தாவது சாஸ்திரத்தைக் காப்பாற்றிவிடுவார்கள்.

ஒரு பெயருக்குள் எத்தனை வகை! பிஹோன் என்றால் மெல்லிய அரிசி இழை. காண்டன் என்றால் கோதுமை இழை, காய்கறியோடு வதக்கியது. பாலாபோக்கில் இழையின் மேல் ஆரஞ்சு நிறத்தில் இறால் குழம்பை ஊற்றி, பொடித்த பன்றித்தோல் வறுவல், புகையில் வாட்டிய மீன் தூள், அவித்த முட்டை என்று அடுக்குவார்கள். கடற்கரை ஊரான மலபோனில் தடித்த இழையோடு சிப்பியும் கணவாயும் சேரும். லுக்பானில் ஹப்ஹப் என்றொரு வகை: வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார்கள், மேலே வினிகர், முள்கரண்டி கிடையாது, கையும் படக்கூடாது. இலையை அப்படியே வாயருகே கொண்டுபோய் வாயாலேயே அள்ள வேண்டும். எல்லா வகைக்கும் பொதுவானது ஓரத்தில் வைக்கும் கலமான்சி, குட்டி எலுமிச்சை. இழை சீனாவிலிருந்து வந்தது. அதன்மேல் ஏறியிருப்பதெல்லாம் அந்தந்த ஊர் விளைச்சல்.

பான்சித் விற்ற 'பான்சிதேரியா'க்கள் ஸ்பானியர் காலத்திலேயே ஊர் கூடும் இடமாகிவிட்டன. 1891இல் வெளிவந்த ரிசாலின் இரண்டாவது நாவலில், தங்கள் கல்விக் கோரிக்கை கவிழ்ந்துபோன மாணவர்கள் ஒரு பான்சிதேரியாவில் கூடி, வரும் ஒவ்வொரு பதார்த்தத்தையும் ஒவ்வொரு பெரிய மனிதருக்கு 'அர்ப்பணித்து' நையாண்டி செய்யும் காட்சி உண்டு. சீனர் கடை, ஸ்பானியப் பெயர், பிலிப்பினோ கோபம். அந்த நாட்டை ஒரே மேசையில் பார்க்க வேண்டுமானால் அந்த அத்தியாயம் போதும்.

வேறென்ன சாப்பாடு சீனாவிலிருந்து வந்தது?

முழுப் பட்டியல் போட்டால் மளிகைச் சீட்டாகிவிடும். தோக்வா (டோஃபு), தோயோ (சோயா சாஸ்), தோகே (முளைகட்டிய பயறு), பெச்சாய் கீரை, சியோபாவ் (உள்ளே பூரணம் வைத்து அவித்த பன்), சியோமாய் (மெல்லிய மாவில் பொதிந்து அவித்த இறைச்சி), லும்பியா (மெல்லிய மாவுச் சுருள்). லும்பியாவில் பொரித்தது, பொரிக்காதது என்று இரண்டு கட்சி. பொரித்த சின்னச் சுருளுக்கு 'ஷாங்காய்' என்று பெயர். ஷாங்காய் போனால் கிடைக்காது. பொரிக்காத லும்பியாதான் ஃபூஜியன் அசலுக்கு நெருக்கம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்குப் பொப்பியா என்று அறிமுகமானது. பிலிப்பினோக்கள் அதற்குள் தென்னங்குருத்தை வைத்து அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

தாஹோவைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் தெருவில் "தாஹோ..." என்று இழுத்துக் கூவிக்கொண்டு, தோளில் கழி, இரண்டு முனையிலும் அலுமினிய வாளி என்று ஒருவர் வருவார். ஒரு வாளியில் சூடான இளம் டோஃபு. தட்டையான கரண்டியால் மேலாக மெல்லிய ஏடு ஏடாக வழித்து பிளாஸ்டிக் டம்ளரில் போடுவார். மற்ற வாளியிலிருந்து வெல்லப்பாகு போன்ற ஆர்னிபால், அதன்மேல் ஜவ்வரிசி. ஆறுவதற்குள் குடித்துவிட வேண்டும். மலை நகரமான பாகியோவில் ஸ்ட்ராபெரி பாகோடு தருவார்கள். ருசி என் நாக்குக்குக் கொஞ்சம் அதிகப்படி.

பெயரால் ஏமாற்றும் பண்டம் ஆரோஸ் கால்தோ. பெயர் சுத்த ஸ்பானியம். உள்ளே இருப்பது இஞ்சியும் கோழியும் போட்ட சீன அரிசிக் கஞ்சி. காய்ச்சல் என்றால் வீட்டில் முதலில் ஏறுவது இதுதான். மாமி என்னும் கோழி நூடுல்ஸ் சூப்பின் கதை பிந்தியது: குவாங்தோங்கிலிருந்து 1918இல் வந்த வாத்தியார் மா மோன் லுக், கழியின் ஒரு பக்கம் சூப்பும் மறு பக்கம் நூடுல்ஸுமாக மணிலாத் தெருக்களில் சுமந்து விற்றார். இழையைக் கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவாராம். பிறகு கடை வைத்தார், பெயர் நிலைத்துவிட்டது.

ஜனவரி 1க்கு வட்டப் பழங்களை அடுக்குவது சீனப் பழக்கமா?

சீனப் பழக்கம் என்று எல்லோரும் சொல்லும் பிலிப்பினோ பழக்கம் என்பதுதான் சரியான பதில். டிசம்பர் 31 அன்று வீட்டு மேசையில் 12 வகை உருண்டைப் பழம் வைப்பார்கள், மாதத்துக்கு ஒன்று. சில வீடுகளில் 13. உருண்டை என்றால் காசு, காசு என்றால் வருமானம். சீனப் புத்தாண்டில் ஆரஞ்சு வைப்பதிலிருந்து கிளைத்தது என்பது பொதுவான விளக்கம். ஆனால் எண்ணி அடுக்கும் இந்த வெறி இவர்களுடையது. கடைசி நாளில் திவிசோரியா சந்தையில் பழ விலை ஏறுவது வருஷம் தவறாத டிவி செய்தி. துணியிலும் வட்டப் புள்ளி. பாக்கெட்டில் சில்லறையைப் போட்டுக் குலுக்குவார்கள். மணி 12 அடித்ததும் உயரம் கூடும் என்று குழந்தைகள் எகிறிக் குதிப்பார்கள். நள்ளிரவு விருந்துக்குப் பெயர் மேடியா நோச்சே, அது ஸ்பானியம். 12 திராட்சை விழுங்குவதும் ஸ்பெயினிலிருந்து வந்தது. கோழியைச் சிலர் தவிர்ப்பார்கள். கிளறிக் கிளறித் தின்னும் பறவை, அன்றாடங்காய்ச்சி வாழ்க்கை ஒட்டிக்கொள்ளுமாம்.

சத்தம் எழுப்பிப் பேயை ஓட்டுவது மட்டும் சந்தேகமில்லாமல் சீன வாசம். பட்டாசுக்குப் பேர்போன ஊர் புலகான் மாகாணத்தின் போகாவே, அவர்களுடைய சிவகாசி. விரல் போன கதைகளும் ஏராளம் என்பதால் 2017இல் அதிபர் துதெர்தே பட்டாசைப் பொது இடங்களுக்குள் கட்டுப்படுத்தும் ஆணையைப் போட்டார். தொரோதோத் என்னும் ஊதுகுழலும் தகரச் சட்டியும் அன்றிரவு கைகொடுக்கும்.

சீனப் புத்தாண்டுக்கு விடுமுறை உண்டா?

2012 முதல் உண்டு. அதற்கு முன்னால் பினோண்டோவின் விசேஷமாக இருந்தது இப்போது நாட்டின் விசேஷம். அன்று ஓங்பின் தெருவில் சிங்க நடனமும் டிராகன் நடனமும் கடை கடையாக ஏறி இறங்கும். கடைவாசலில் தொங்கவிட்ட கீரைக்கட்டையும் சிவப்பு உறையையும் சிங்கம் எம்பிக் கவ்வும். ஆடுபவர்களில் பலர் சீனர்களே இல்லை, பக்கத்துப் பேட்டைப் பையன்கள்.

அன்றைய பண்டம் தீகோய். பசையரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து அவித்த, அழுத்தமான வட்டக் கட்டி. ஒட்டும் பண்டம் குடும்பத்தையும் ஒட்டவைக்கும் என்பது ஐதீகம். சீனர்கள் வாடிக்கையாளருக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துக் கொடுத்து, இப்போது பிலிப்பினோக்களும் ஒருவருக்கொருவர் வாங்கிக் கொடுக்கிறார்கள்.

சிவப்பு உறையான ஆம்பாவ் கிறிஸ்துமஸுக்கும் தாவிவிட்டது. ஞானப்பிள்ளைகள் டிசம்பர் 25 காலையில் ஞானப்பெற்றோர் வீட்டு வாசலில் வரிசை கட்டுவார்கள். கைக்கு வருவது பல வீடுகளில் ஆம்பாவ் உறைக்குள் வைத்த நோட்டு. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தீபாவளிக்கு ஊதா உறையில் பணம் கொடுப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

செப்டம்பரில் ஆபீஸில் கிண்ணத்தில் பகடை உருட்டச் சொன்னார்கள். என்ன அது?

நீங்கள் மாட்டிக்கொண்டது நடு இலையுதிர்காலப் பண்டிகையின் பகடையாட்டம். பிலிப்பைன்ஸ் சீனப் பண்டிகைகளில் எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் சீனாவின் பெரும்பகுதியில் இது கிடையாது. ஃபூஜியனின் சியாமென், சுவான்ஜோ பக்கத்து வழக்கம்; மணிலாச் சீனர்களின் பூர்வீகம் அதுதானே. தளபதி கொக்சிங்கா தன் படைவீரர்கள் வீட்டு நினைப்பில் வாடாதிருக்க இதை விளையாடவிட்டார் என்று ஒரு கதை உண்டு. 1662இல் அதே கொக்சிங்கா மணிலாவை மிரட்டியதால்தான் அந்த வருஷத்துப் படுகொலை நடந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் எளிது. பீங்கான் கிண்ணம், ஆறு பகடை. சீனப் பகடையில் நாலு புள்ளி சிவப்பு. அந்தச் சிவப்புக்குத்தான் மவுசு. பரிசுகள் மொத்தம் 63. ஒரு நாலு விழுந்தால் கடைசிப் பரிசு, அதில் 32 உண்டு. இரண்டு நாலுக்கு 16. நாலைத் தவிர வேறொரு எண் நான்கு தடவை விழுந்தால் அந்த வகையில் 8. மூன்று நாலுக்கு 4. ஒன்று முதல் ஆறு வரை வரிசையாக விழுந்தால் 2. நான்கு நாலு விழுந்தால் 'சியோங்-குவான்'. அது ஒன்றே ஒன்று. பேரரசர் காலத் தேர்வில் நாட்டிலேயே முதலாவதாக வந்தவருக்குக் கொடுத்த பட்டம் அது. இன்னொருவர் அதைவிட நல்ல சியோங்-குவான் போட்டால் பரிசு கை மாறும், அதனால் கடைசிவரை யாரும் எழுந்து போவதில்லை. பகடை கிண்ணத்துக்கு வெளியே தெறித்தால் அந்த முறை போச்சு.

முன்பெல்லாம் பரிசு பெரிதும் சிறிதுமான நிலாக் கேக். இப்போது பற்பசை, சமையல் எண்ணெய், அரிசிப் பை என்று தொடங்கி மேலே டிவி வரை போகும். மூன்று நாலு போட்டுவிட்டு டிஷ்யூ பேப்பர் மூட்டையைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர் முகத்தில் தெரியும் பெருமை தனி ரகம்.

சிலுவைக்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்துகிறார்களே, இவர்கள் எந்த மதம்?

சீன வம்சாவளியினரில் பெரும்பாலோர் கிறிஸ்தவர், அதிலும் கத்தோலிக்கர். நீங்கள் பார்த்தது ஓங்பின் தெருவும் தோமாஸ் பின்பின் தெருவும் சேரும் மூலையில் உள்ள சாந்தோ கிறிஸ்தோ தே லோங்கோஸ். தெருவோரமே கோயில். சிலுவை, அதன்மேல் சம்பாகிதா மாலைகள் (நம் மல்லிகைதான்), முன்னால் மணல் நிரப்பிய சாடியில் நீளமான சிவப்பு ஊதுபத்திகள். கடைக்குப் போகிற வழியில் ஒருவர் நிற்பார், சிலுவைக் குறி போடுவார், பத்தியை இரண்டு கையாலும் பிடித்து மூன்று தடவை குனிவார், போய்விடுவார். எந்தப் பகுதி கத்தோலிக்கம், எந்தப் பகுதி சீனம் என்று அவரிடம் கேட்டால் கேள்விதான் அவருக்கு விசித்திரமாக இருக்கும்.

பதங்காஸ் மாகாணத்தின் தாலில் உள்ள கைசாசாய் மாதாவும் அப்படித்தான். 1603இல் ஒரு மீனவர் வலையில் கிடைத்த சிறிய மாதா சொரூபம். அதே மாதாவைச் சீன பக்தர்கள் கடலில் போகிறவர்களைக் காக்கும் மாட்சு தேவியாகவும் கும்பிடுகிறார்கள்.

தாக்கம் ஒருபக்கம் மட்டும்தானா?

இல்லவே இல்லை. மணிலா சீனர் கல்லறைக்கு நவம்பர் 1 அன்று போய்ப் பாருங்கள். கத்தோலிக்கக் கல்லறைகளில் இடம் மறுக்கப்பட்டவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டில் உருவான இடம். உள்ளே தெருக்கள், வீடு போலவே கட்டிய சமாதிகள். சிலவற்றில் சமையலறை, கழிப்பறை, ஏசி வரை இருக்கும். சீனர்கள் முன்னோரைக் கும்பிடும் சிங்மிங் நாள் ஏப்ரலில் வரும். ஆனால் இங்கே குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேருவது பிலிப்பினோக்களின் கல்லறைத் திருநாளான நவம்பர் 1இல். நாளைக் கத்தோலிக்கத்திடமிருந்து வாங்கிக்கொண்டு, படையலைத் தங்களுடையதாகவே வைத்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திர விளக்கு பாரோல், ஐஸ் போட்ட ஹாலோ-ஹாலோ எல்லாம் சீனமா?

பாரோல் என்ற பெயர் ஸ்பானிய விளக்கின் பெயர். வடிவம் பெத்லகேம் நட்சத்திரம். ஹாலோ-ஹாலோவுக்கு ஜப்பானியர் வழி சொல்வார்கள். எல்லாவற்றையும் சீனக் கணக்கில் எழுத வேண்டாம்.

சீனர்களை எப்படிக் குறிப்பிடுவது? கலப்புத் திருமணம் சகஜமா?

'சினோய்' என்பது அவர்களே விரும்பும் சொல். 'இன்சிக்' என்ற பழைய சொல்லைத் தவிர்த்துவிடுங்கள். ஏளனமாகப் பயன்பட்டே பழகியது. திருமணம் வீட்டுக்கு வீடு மாறும். பிலிப்பினோவைக் காதலித்த சினோய் பிள்ளைகள், பெற்றோரின் எதிர்ப்பைச் 'சீனப் பெருஞ்சுவர்' என்று கேலியாகச் சொல்வார்கள். இப்போது தளர்ந்திருக்கிறது, இடிந்துவிடவில்லை. நூற்றாண்டுகளுக்கு முன்னால் கலப்பில்தான் எல்லாம் தொடங்கியது. 20ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து பெண்களும் வந்து, சீனப் பள்ளிகளும் பெருகிய பிறகு கட்டப்பட்ட சுவர் இது. பலர் சட்டப்படி அந்நியர்களாகவே கிடந்ததும் ஒரு காரணம். 1975இல் மார்கோஸ் ஆட்சி குடியுரிமை பெறுவதை எளிதாக்கிய பிறகுதான் அந்த நிலை மாறியது.

சீனாவோடு தென்சீனக் கடல் தகராறு நடக்கும்போது இந்தப் பண்டிகைகள் பாதிக்கப்படுவதில்லையா?

2016இல் ஹேக் தீர்ப்பாயம் பிலிப்பைன்ஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது, சீனா ஏற்கவில்லை; கடலில் உரசல் தொடர்கிறது. கோபம் உண்டு. பெய்ஜிங் வேறு, பக்கத்துக் கடைக்காரர் வேறு என்று பெரும்பாலோர் பிரித்துப் பார்க்கிறார்கள். பிரிக்காதவர்களின் வசை இணையத்தில் சினோய்கள் மேலும் விழுகிறது. 1603ஐப் படித்தவர்களுக்கு அது லேசான விஷயமாகப் படாது.

பினோண்டோவுக்கு ஒரு நாள் போகிறேன். என்ன செய்யலாம்? நான் சைவம் வேறு.

புத்தாண்டு அன்று போகாதீர்கள், கூட்டத்தின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். வேறு எந்த நாளும் காலையில், வெறும் வயிற்றோடு போங்கள். மாதா கோயிலில் தொடங்குங்கள். எண்கோண மணிக்கூண்டைப் பாருங்கள், ஹொக்கியனில் பூசை நடக்கும் நேரமாக அமைந்தால் இன்னும் நல்லது. அங்கிருந்து ஓங்பின் தெருவில் நடந்தால் லோங்கோஸ் சிலுவை, மருந்துக் கடைகள், நகைக் கடைகள். ஊதா நிறத் தீயணைப்பு வண்டி கண்ணில் பட்டால் பயப்பட வேண்டாம். ஊதா வள்ளிக்கிழங்கு வைத்த ஹோபியாவால் (பூரணம் அடைத்துச் சுட்ட பலகாரம்) பேரெடுத்த பேக்கரி முதலாளி, சீனத் தன்னார்வத் தீயணைப்புப் படைக்குத் தந்த வண்டி அது.

சைவர்களுக்கு எச்சரிக்கை: ஹோபியாவின் உள்ளே பயறாக இருந்தாலும் மேல் மாவில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேட்டு வாங்குங்கள். லும்பியாவில் காய்கறிதான் என்பார்கள், நடுவில் இறால் இருக்கும். தாஹோ பிரச்சினையில்லை. தீகோயும் அரிசியும் சர்க்கரையும்தான், ஊருக்கு எடுத்து வரலாம். சூடாக வெட்டினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும். ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்து இறுகவிட்டு, விரல் தடிமனுக்கு வில்லை போட்டு, குறைந்த தீயில் இரண்டு பக்கமும் வாட்டுங்கள். அவர்கள் அடித்த முட்டையில் தோய்த்துப் போடுவார்கள். முட்டை வேண்டாதவர்கள் நெய் தடவிய தோசைக்கல்லில் போட்டாலும் ஓரம் மொறுமொறுவென்று வரும்.